வாடைக் கடலில் இறங்கப்போகிற பேரனுக்கு

கண்ணு, ஐ.டி.ஐ. படிப்பை முடித்துவிட்டு இந்தப் புரட்டாசியிலிருந்து மாமன் படகில் நாலாவது ஆளாகப் போகப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் நீ தொழில் தொடங்குகிற மாதம் லேசான மாதம் இல்லை. புரட்டாசி முதல் மார்கழி வரை நம் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடல் ஒருநாள் இருந்தமாதிரி மறுநாள் இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் இதே நாட்களில்தான் சம்பா நட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வயலுக்கு உயிர் கொடுக்கிற வடகிழக்குப் பருவம்தான் நமக்கும் படி அளக்கிறது. நமக்கும் இதுதான் சாகுபடிக் காலம். வரப்பு மட்டும் கிடையாது. வயசான காலத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

1. முதல் மாதம் வாயைக் குறை, கண்ணைத் திற. விடிவதற்கு முன்னால் கரைக்கு வந்தால் கிழவர்கள் நாலைந்து பேர் மணலில் உட்கார்ந்து சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சும்மா என்று நீ நினைப்பாய். அலை எந்த மூலையிலிருந்து சரிந்து வருகிறது, கிழக்கே அடிவானத்தில் மேகம் சுவர் மாதிரி நிற்கிறதா, சிதறிக் கிடக்கிறதா, அடையாற்று முகத்துவாரத்திலிருந்து வருகிற கலங்கல் தண்ணீர் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா, இதெல்லாம் அவர்கள் கணக்கு. அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். போனைப் பையிலேயே வை. கேள்வி கேட்பதற்கு முன்னால் நீ பார்த்ததைச் சொல். தப்பாகச் சொன்னால்தான் பெரியவர்களுக்குத் திருத்த ஆசை வரும். கேட்டால் "அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

2. காற்றையும் தண்ணீரையும் தனித்தனியாகப் படி. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடித்த கச்சான் இப்போது தளரும். காற்று சில நாள் திசை தெரியாமல் தடுமாறும். ஐப்பசியில் வாடை வந்து உட்காரும். வானிலைக்காரர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்க அக்டோபர் 20-ஐ ஒட்டிய நாளைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சில வருடம் முந்தும், சில வருடம் நவம்பர் வரை இழுக்கும். தண்ணீரும் அதேபோல மாறும். இத்தனை நாள் தெற்கே இருந்து வடக்கே ஓடிய தெண்டி நின்று, வடக்கே இருந்து தெற்கே இழுக்கிற வன்னி தொடங்கும். இரண்டும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பதை மனதில் வை. வாடை வீசத் தொடங்கியும் தெண்டி நிற்காத நாட்கள் உண்டு. காற்று தெற்கே தள்ள, தண்ணீர் வடக்கே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் அலை குத்தி நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் பெரிய கடலாகத் தெரியாது. உள்ளே போனால் படகு உட்கார இடமிருக்காது. வன்னி வேகமாக இழுக்கிற நாளில் வலை நிற்காது, சுருண்டு கயிறாகிவிடும். அன்றைக்கு மீன் இல்லை என்று கடலைத் திட்டுகிறவன் தண்ணீரைப் பார்க்காமல் வலை போட்டவன்.

3. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. தேதி, திதி, காற்று, தண்ணீர் ஓடுகிற பக்கம், தண்ணீரின் நிறம், எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட்டீர்கள், என்ன பட்டது, கரையில் என்ன விலைக்குப் போனது, அவ்வளவையும் எழுது. போகாத நாளையும் எழுது. ஏன் போகவில்லை என்று ஒரு வரி போடு. நம் குப்பத்திலேயே ஒரு பெரியவர் தினமும் காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்துக் குறித்துவைக்க, படித்தவர்கள் வந்து அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் தலைக்குள்ளேயே இருந்து, ஆளோடு போய்விட்டது. என் பெரியப்பாவுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்கு வரவில்லை. நீ படித்த பிள்ளை, எழுதலாம். இரண்டு வாடைக்காலம் விடாமல் எழுதினால், மூன்றாவது வருடம் மாமனே உன்னிடம் "போன வருசம் இந்த அமாவாசைக்கு என்னடா பட்டது?" என்று கேட்பார்.

4. எச்சரிக்கை வந்தால் அதோடு பேரம் பேசாதே. நுங்கம்பாக்கத்து வானிலை மையம் "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொன்னால், அதோடு ஒரு கணக்கும் சொல்லும்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று. நம்மைப் போன்ற சின்ன ஃபைபர் போட்டுக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம். படகைக் கவிழ்க்க ஒரு வீச்சு போதும். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் அலை உயரத்தைச் சொல்கிறது, அதையும் பார். துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டுக்கும் அர்த்தம் தெரிந்துகொள்: 1, 2 என்றால் புயல் தூரத்தில், 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இது கப்பல்களுக்கு வைத்த கணக்கு. நமக்கு ஒன்றாம் எண் ஏறியதுமே படகை மேட்டுக்கு இழுக்கிற வேலை.

அறிவிப்பு வருவதற்கு முன்னாலும் கடல் சொல்லும். காற்றே இல்லாமல், உடம்பெல்லாம் பிசுபிசுக்கிற புழுக்கத்தில், நெடிய அலை மட்டும் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரையை அறைந்தால், எங்கோ தூரத்தில் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது அதைக் கேட்க அவர்கள் கரையில் இல்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அந்த ஊர்களில் இன்னும் அந்த வீடுகள் இருக்கின்றன. அதனால் வாடையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: வானம் கறுத்ததைப் பார்த்த பிறகு திரும்பினாலும் காற்று வருமுன் கரை சேர முடிகிற தூரம்.

இன்னொன்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நம் ஊர் மேலேயே கடந்தது. நடுவில் காற்று சட்டென்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. அடங்கின நேரத்தில் படகைப் பார்க்க ஓடாதே. படகுக்குக் கடன் வாங்கலாம்.

5. திரும்பி வருவது தோல்வி இல்லை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் உனக்கு உறைக்க ஒரு வருடம் ஆகும், ஏனென்றால் இருபது வயதில் வெட்கம் பயத்தைவிடப் பெரியது. பக்கத்துப் படகு போகிறது என்பதற்காகவே கிளம்பின படகுகளை நான் பார்த்திருக்கிறேன். என் கூட்டாளி ஒருவன், பேர் வேண்டாம், கரையில் யாரோ சிரித்தார்கள் என்று ரோஷத்தோடு கரையோர அலையைத் தாண்டப் போனான். படகு குறுக்கே திரும்பி, இன்ஜின் பெயர்ந்து, அவன் கால் முறிந்தது. சிரித்தவர்கள்தான் தூக்கி வந்தார்கள். மருத்துவச் செலவுக்கு அவன் மனைவி தாலிச் செயினை அடகு வைத்தாள்.

வாடையில் ஆபத்து பெரும்பாலும் நடுக்கடலில் இல்லை, அலை உடைகிற அந்தக் கரையோரப் பட்டையில்தான். அதைக் கடக்கிற விதத்தை மாமனிடம் நின்று பார். பெரிய அலைகள் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். அதற்குப்பின் கொஞ்சம் தணியும். அந்தத் தணிவுக்காகக் காத்திருக்க வேண்டும். முக்கால்வாசி பேருக்கு இல்லாதது அந்தக் கால் நிமிடப் பொறுமைதான். போகும்போது முனையை அலைக்கு நேராக வை, பக்கத்தைக் காட்டாதே. திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். பின்னாலிருந்து வருகிற அலை பின்பக்கத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். முன்னே போகிற அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டே, அதை முந்தாமல், அதற்குப் பின்தங்காமல் வரவேண்டும். பிடித்த மீன் நிறைய இருந்தால் படகு கனத்துக் கிடக்கும், சொன்ன பேச்சு கேட்காது. நல்ல மீன்பாடு கிடைத்த நாளில்தான் கரையருகே அதிகம் கவிழ்கிறது. வீட்டுக்கு வந்தாகிவிட்டது என்று மனசு முன்னாலேயே இறங்கிவிடுவதால் வருகிற வினை அது.

6. குடித்துவிட்டுக் கடலேறாதே. இதற்குக் கதை தேவையில்லை. நம் குப்பத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, உனக்கே தெரியும்.

7. கரை மறைந்தாலும் கரை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல நாளில் சாந்தோம் ஆலய கோபுரமும், மெரினா கலங்கரை விளக்கமும், தெற்கே அஷ்டலட்சுமி கோவிலும், உள்ளே தள்ளிப் பரங்கிமலையும் தெரியும். எங்கள் காலத்தில் எதற்கு நேராக எது வருகிறது என்று இரண்டு பக்கத்து அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கடலடிப் பாரில் வலை இறக்கினோம். இப்போது நடுவில் உயரமான கட்டடங்கள் வந்து பாதி அடையாளத்தை மறைத்துவிட்டன. உன்னிடம் ஜி.பி.எஸ். இருக்கும், நல்லதுதான், வைத்துக்கொள். ஆனால் ஐப்பசி மழை ஒரு திரை மாதிரி விழுந்தால் பத்து நிமிடத்தில் சுற்றிலும் ஒரே சாம்பல். அந்த நேரம் பார்த்து பேட்டரி தீரும். அதனால் கரை தெரிகிறபோதே அலை எந்தப் பக்கத் தோளில் படுகிறது என்று பழகு. வாடைக் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து வருகிறது. அதை முதுகுக்கு வலது பக்கம் வைத்துப் போனால் மேற்கு கிடைக்கும். கார்த்திகையில் மேகம் விலகின இரவுகளில் பொழுது சாய்ந்ததும் ஆறாம்மீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிழக்கே எழும். அதைப் பார்த்து வைத்துக்கொள், அதற்குப் பேட்டரி வேண்டாம்.

8. முகத்துவாரத்தை மதி. கோடையில் மணல் அடைத்துக்கொண்டு கிடக்கிற அடையாறு, முதல் பெருமழையில் மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்கு வரும். உடைந்த பாலத்தின் பக்கம் நின்று பார்த்தால் தெரியும்: முதலில் வருவது மழைத் தண்ணீர் இல்லை, ஊர் முழுக்க வருடம் பூராவும் விட்ட சாக்கடை. கறுப்பாக, நுரையோடு, மூக்கைப் பொத்தும்படி வரும். அடியில் கிடந்த சேறு கிளம்பி, தண்ணீரில் மூச்சுக்கு வழியில்லாமல் மடவை மீன்கள் செத்து வெள்ளையாக மிதக்கும். அதைக் கூடையில் அள்ளி வெளியூர்க்காரனிடம் தள்ளிவிடலாம் என்று யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள். போகாதே. நீ உயிரோடு பிடிக்காத மீனை நீ விற்கக் கூடாது. உன் ஆயா அப்படி ஒரு கூடையைத் திருப்பி மணலில் கொட்டி, மேலே மண்ணையும் தள்ளினாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிய வேறு காசு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பு போய்ச் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வரத் தொடங்கினால், அதுதான் நல்ல காலம். நிலத்துச் சத்தெல்லாம் கடலுக்கு வருகிறது. இறால் வரும், முகத்துவாரத்தில் மடவை துள்ளும், நண்டு வலை கனக்கும். ஆனால் ஆறு வேகமாக இறங்குகிற இடமும் கடல் அலை ஏறுகிற இடமும் மோதுகிற வாயில் படகை விடாதே. ஏற்ற நீர் இருக்கும்போது ஒரு மாதிரி, வற்றும்போது வேறு மாதிரி. நம் ஊரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டருக்குப் பக்கம்தான் வித்தியாசம் என்றாலும், அந்த வாயில் அது போதும்.

9. கூடையில் வஞ்சனை வைக்காதே. புரட்டாசியில் பாதிச் சென்னை மீன் சாப்பிடாது, விலை விழும். ஐப்பசி பிறந்ததும் ஏறும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் நிறுத்திவிடுவார்கள், மறுபடி கொஞ்சம் விழும். நடுவில் புயல் சின்னம் வந்து நாலு நாள் படகு போகாவிட்டால், அடுத்த நாள் கிழங்கானுக்கும் வஞ்சரம் விலை கேட்பார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஆள் எப்படி என்று தெரியும். நேற்றைய மீனை ஐஸ் போட்டு இன்றைய மீனோடு கலப்பது ரொம்பச் சுலபம். பெசன்ட் நகர் மாடி வீட்டு அம்மாக்கள் முதல் முறை ஏமாறுவார்கள். பிறகு உன் அம்மாவின் கூடையைத் தாண்டி அடுத்த கூடைக்குப் போவார்கள். கடலில் நீ செய்கிறதற்குக் கரையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் முகத்தை நினைத்து மீனைப் பிரி.

10. அடுத்தவன் வலையை அறுக்காதே. வன்னி இழுக்கிற நாளில் வலையும் வலையும் பின்னிக்கொள்ளும். இருட்டில், மழையில், கத்தியை எடுக்கக் கை பரபரக்கும். அந்த வலை அவன் மகள் பேரில் வாங்கின கடனாக இருக்கலாம். விடிய விடியப் பிரித்தாலும் பிரி. முடியவே முடியாவிட்டால் உன் வலையை அறு, கரைக்கு வந்து அவனிடம் சொல். அறுந்து கடலில் போன வலை சும்மா இருப்பதில்லை, யாருக்கும் உதவாமல் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். மார்கழி வாக்கில் முட்டையிட வருகிற பங்குனி ஆமைகள் கரையோரம் கூடத் தொடங்கும். வலையில் ஒன்று சிக்கினால் அதற்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதை நினைத்து உடனே விடு. 2025 ஜனவரியில் நம் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தாயே. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

11. படகு போகாத நாளுக்குக் காசு வை. வாடையில் மாதத்தில் பாதி நாள் கரையில் இருக்க வேண்டி வரலாம். அந்த நாட்களில்தான் வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து அன்பாகப் பேசுவான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் பிறகு விலை சொல்கிற வாய் உன்னுடையதாக இருக்காது. கடல் மோசமாக இருக்கிற நாளிலும் "போ" என்று உன்னைத் தள்ளுவது அந்தக் கடன்தான். புயலில் போனவர்களில் பலரைக் கடன் அனுப்பிவைத்தது என்பது என் முடிவு. அதனால் பாடு கிடைத்த நாளில் பங்கு பிரித்ததும், வீட்டுக்குப் போகுமுன் ஒரு பகுதியை அம்மா கையில் கொடுத்துவிடு. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவளைச் சேர்த்துவிடு. நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிற பணத்தோடு அரசாங்கம் தன் பங்கைப் போட்டு, தொழில் குறைந்த மாதங்களில் திருப்பித் தருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் ஐப்பசி அடைமழையில் அரிசி வாங்க யார் காலையும் பிடிக்க வேண்டாம்.

12. ஊருக்கு வெள்ளம் வந்தால் படகை எடுத்துக்கொண்டு போ. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு தெருக்களுக்குள் வந்தபோது, மீனவர்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாடியிலும் கூரையிலும் நின்றவர்களை இறக்கினார்கள். 2023-ல் மிக்ஜாம் புயல் மழையிலும் போனார்கள். சாதாரண நாளில் நம் தெருப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களும் அவர்களில் இருக்கலாம். அதைப் படகில் ஏற்றும்போது கேட்காதே. கிழவியை முதலில் ஏற்று, மாத்திரைப் பையை எடுத்தாளா என்று கேள்.

13. கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அதை நாளைக்கே முடித்துவிடு. ஆதார் அட்டையையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு காலையில் எல்லையம்மன் கோவில் பக்கம் வா, நானும் வருகிறேன். சங்கத்தில் பெயரைப் பதிந்து, மீனவர் நல வாரிய அட்டைக்கும் கடலுக்குப் போகிற அடையாள அட்டைக்கும் எழுதிக்கொடுத்துவிடலாம். ஏதாவது நடந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் கேட்க அந்த அட்டைதான் சாட்சி. அப்படியே உன் அளவுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டையும் வாங்கிவிடுவோம். வெயிலில் புழுங்குகிறது, வலை இழுக்க இடைஞ்சல் என்று மற்றவர்கள் படகில் அதைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். நீ கழற்றாதே. அது உன் உடம்பில் இல்லாத நாளில் உன்னைப் படகில் ஏற்ற வேண்டாம் என்று மாமனிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.